போலீஸ் காஷனும் நர்ஸின் பின் நம்பரும்

நம்மூரில் ஒரு தகராறு காவல் நிலையம் வரை போனால், இன்ஸ்பெக்டர் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். அதோடு கதை முடியும். பிரிட்டனில் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள் பலர் இதே நினைப்போடுதான் அங்கும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்து போலீஸ் தரும் ‘காஷன்’ வெறும் எச்சரிக்கை அல்ல. குற்றத்தைச் செய்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டால்தான் அதைத் தர முடியும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது, ஆனால் போலீஸ் பதிவில் ஏறிவிடும். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று போட்ட அந்தக் கையெழுத்து, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, ஆஸ்கி செய்முறைத் தேர்வு என்று ஒவ்வொரு படியாக ஏறி வாங்கிய ‘பின்’ என்கிற நர்ஸ் பதிவு எண்ணையே அசைத்துப் பார்க்கும்.

அதனால் முதல் வேலை, வக்கீலைக் கேட்பது. விசாரணைக்கு அழைத்துப் போனால் காவல் நிலையத்திலேயே இலவச வக்கீல் உண்டு, நடுராத்திரியானாலும். ‘டியூட்டி சொலிசிட்டர் வேண்டும்’ என்று சொன்னால் போதும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வக்கீல் கேட்டால் தப்பு செய்ததாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் நடப்பதும் இதில் சேரும் என்பதைப் பலர் உணர்வதில்லை. கணவன் மனைவி சண்டையில் கை நீண்டால் அது தாக்குதல் வழக்கு. பிள்ளையை அடிப்பது ஸ்காட்லாந்தில் 2020 நவம்பரிலிருந்தும் வேல்ஸில் 2022 மார்ச்சிலிருந்தும் எந்த வடிவிலும் சட்டவிரோதம். இங்கிலாந்திலும் தழும்பு தெரியும்படி அடித்தால் தப்ப முடியாது.

அடுத்து, சொல்லிவிடுவது. என்.எம்.சி. என்கிற நர்சிங் கவுன்சிலின் நடத்தை விதி 23.2 இதைத் தெளிவாகச் சொல்கிறது: காஷன் வாங்கினாலோ, உங்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டாலோ, தண்டனை கிடைத்தாலோ, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கவுன்சிலுக்கும் வேலை தருபவருக்கும் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பார்க்கிங் அபராதத்துக்கெல்லாம் எழுத வேண்டியதில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு எழுதியே ஆக வேண்டும். ராத்திரி விருந்தில் குடித்துவிட்டுக் காலை ஷிஃப்ட்டுக்குக் காரெடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மூச்சுச் சோதனை அளவு இங்கிலாந்தில் 35 மைக்ரோகிராம், ஸ்காட்லாந்தில் 22 மட்டுமே. தாண்டினால் குறைந்தது ஓராண்டு ஓட்டுநர் தடை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை நடந்த தவறு, உடனே சொல்லப்பட்டது, நோயாளி யாருக்கும் ஆபத்தில்லை என்றால், அதற்காக மட்டும் பின் பறிபோவது அரிது. அதையே மறைத்து, ஆறு மாதம் கழித்துப் புது வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் வெளியே வந்தால் குற்றச்சாட்டின் பெயரே மாறிவிடும்: நேர்மையின்மை. மருந்துக் கணக்கில் தடுமாறும் நர்ஸுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றலாம். பொய் சொல்பவருக்கு எந்தப் பயிற்சி கொடுப்பது? விசாரணைக் குழுக்கள் மிகக் கடுமையாகப் பார்ப்பது இதைத்தான்.

வார்டில் சர்வ சாதாரணமாக நடக்கும் சில காரியங்களும் இந்தக் கணக்கில்தான் வரும். ‘சிக்’ சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே நாளில் ஏஜென்சி ஷிஃப்ட் பார்ப்பது மோசடி. கொடுக்காத மருந்துக்குச் சார்ட்டில் கையெழுத்திடுவது பொய்ப் பதிவு. தோழி அட்மிட் ஆகியிருக்கிறாளே, ரிசல்ட் என்ன என்று கம்ப்யூட்டரில் ஒரு பார்வை பார்ப்பதுகூட 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகலாம். அக்கறையில்தான் பார்த்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் யார், எப்போது, எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது முழுக்கப் பதிவாகிறது.

கவுன்சிலின் விசாரணை தொடங்கியதும், ஆபத்து பெரிது என்று பட்டால், குற்றம் நிரூபணமாவதற்கு முன்பே இடைக்காலத் தடை போட முடியும். ஒரே உத்தரவு 18 மாதம் வரை நீளலாம். வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். ஸ்பான்சர் விலகியதும் உள்துறை பொதுவாக 60 நாள்தான் தருகிறது. எனவே யூனியனில் இன்றே சேருங்கள். சம்பவம் நடந்த பிறகு சேர்ந்தால் அந்த வழக்குக்கு உதவி கிடைக்காது.

நீதிமன்றம் தண்டித்துவிட்டால், ‘நான் செய்யவில்லை’ என்ற வாதத்துக்குக் கவுன்சிலில் இடமில்லை. தண்டனைச் சான்றிதழே அங்கு முடிவான ஆதாரம். குழு பார்ப்பது வேறு: செய்ததன் கனம் இவருக்கு உறைத்திருக்கிறதா, மறுபடி செய்வாரா, மக்கள் இவரை நம்பலாமா? அதற்கான விளக்கத்தை நீங்களே எழுதுங்கள். யாரோ எழுதிக் கொடுத்த மாதிரிக் கடிதம் குறுக்குக் கேள்வி ஒன்றுக்கே தாங்காது. குடிப்பழக்கம் காரணமென்றால் சிகிச்சைச் சான்று, கோபம் காரணமென்றால் அதற்கான வகுப்புக்குப் போன சான்று என்று சேர்த்து வையுங்கள். நடந்தது முழுக்கத் தெரிந்த மேனேஜர் எழுதித் தரும் நற்சான்றுக்கு மதிப்பு அதிகம். நேரில் போவதும் முக்கியம். காலி நாற்காலியைப் பார்த்து யாருக்கும் நம்பிக்கை பிறக்காது.

முடிவு பல விதமாக வரலாம். ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை பதிவில் நிற்கும் எச்சரிக்கை, மூன்றாண்டு வரை நிபந்தனையோடு வேலை, ஓராண்டு வரை இடைநீக்கம், கடைசியாகப் பெயர் நீக்கம். நீக்கப்பட்டவர் ஐந்தாண்டு கழித்துத்தான் திரும்பச் சேர விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியா, கனடா என்று வேறு நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். அந்த நாட்டுக் கவுன்சில்களும் முந்தைய பதிவின் நன்னடத்தைச் சான்றைக் கேட்கும்.

மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது 28 நாள். கடிதமெல்லாம் பதிவிலுள்ள முகவரிக்குத்தான் வரும். அது பழைய வாடகை வீடாக இருந்தால் நீங்கள் இல்லாமலே விசாரணை நடந்து முடிந்துவிடலாம். கடைசியாக எப்போது வீடு மாறினீர்கள்? என்.எம்.சி. கணக்கில் முகவரியை மாற்றிவிட்டீர்களா?