தவணை தவறியவர் அறிய வேண்டுவன

தறிக்கும் வயலுக்கும் உள்ளது போலவே கடற்கரைக்கும் வேலையற்ற பருவம் உண்டு. வைப்பாறு கடலில் கலக்கும் கீழவைப்பார்ப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பள வேலை நின்றுவிடும். கடல் சீறினால் வலை கரையில் கிடக்கும். தவணையோ நிற்பதில்லை, வசூலிப்போரின் தொலைபேசியும் ஓய்வதில்லை. அச்சத்தால் அதனை எடுக்காதிருப்பதும், அக்கடனை அடைக்க வேறு கடன் வாங்குவதும் துன்பத்தையே பெருக்கும்.

கடனைத் தீர்ப்பது நம் கடமை; அவமதிப்பைச் சகிப்பது கடமையன்று. ஆண்டு வருமானம் ரூ. 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஈடின்றி அளிக்கும் நுண்கடனுக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைத்தல் ஆகாதென ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் விதித்தது. மிரட்டல், இழிசொல், உறவினரைத் தொல்லைப்படுத்தல் ஆகியவற்றையும் விலக்கியது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-இல் வன்முறை வசூலைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்றியது.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டுவன:

1. பேசுபவர் பெயர், நிறுவனம், கேட்கும் தொகை, நாள், நேரம் ஆகியவற்றை நோட்டில் குறித்துக்கொள்க.

2. வருவாய் வரும் நாளையும் கட்ட இயலும் தொகையையும் உள்ளபடி கூறுக. இயலாத நாளுக்கு வாக்களிக்க வேண்டாம். தவணையை மாற்றியமைக்குமாறு எழுத்து மூலம் கேட்க.

3. இரசீதின்றி ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

4. வரம்பு மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்க. 30 நாட்களில் தீராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

சங்கக் கூட்டத்தில் இதனை வாசித்து, எழுதத் தெரியாத அங்கத்தினருக்கு நோட்டு எழுதிக் கொடுப்போமாக. அதுவே கூட்டுறவு.