குளியலறை விளக்கு: நம்புவதும் நடப்பதும்

கூடத்து விளக்குக்காகக் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள்கூட, குளியலறைக்கு மிஞ்சிய பல்பு ஒன்று போதும் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஈரமும் மின்சாரமும் மிக நெருங்கி இருக்கும் இடம் அது. அங்கேதான் தவறான நம்பிக்கைகளும் அதிகம்.

நம்பிக்கை: எல்இடி கொஞ்சம்தான் கரண்ட் இழுக்கும், தண்ணீர் பட்டாலும் ஷாக் அடிக்காது.

உண்மை: பல்பு 9 வாட் என்றாலும் ஹோல்டருக்கு வருவது 230 வோல்ட்தான். உடம்பு நனைந்திருக்கும்போது தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். காய்ந்த கையைவிட ஈரக் கைக்கு ஆபத்து பல மடங்கு. அதனால் விளக்கு வாங்கும்போது வாட்டுக்கு முன்னால் பெட்டியில் ஐபி எண்ணைத் தேடுங்கள். அதன் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி20 என்றால் தண்ணீரிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று பொருள். ஐபி44 தெறிக்கும் நீரைத் தாங்கும். ஷவருக்கு நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரத்துக்குள் விளக்கு வருகிறதென்றால் ஐபி65 வாங்குவதே நல்லது. சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்; மின்கசிவு ஏற்பட்டால் கண்ணிமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. டைல்ஸுக்கு லட்சம் கொடுப்பவர்கள் இதில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம்பிக்கை: வாட் கூடினால் முகம் தெளிவாகத் தெரியும்.

உண்மை: வாட் சொல்வது மின்செலவை, வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென். அதைவிடவும் முக்கியம் விளக்கு இருக்கும் இடம். உச்சந்தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் கண்குழியிலும் தாடைக்குக் கீழும் நிழலைத்தான் போடும். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் முகமே இருண்டுவிடும். சவரம் செய்யும்போது கழுத்தில் பிளேடு படுவதற்கு இந்த நிழலும் ஒரு காரணம். கண்ணாடியின் இருபுறமும் முகத்தின் உயரத்தில் இரண்டு சிறிய விளக்குகள் போதும். இடம் இல்லையென்றால் கண்ணாடிக்கு மேலே நீளவாட்டில் ஒன்று.

நம்பிக்கை: வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் சுத்தம்.

உண்மை: வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது கெல்வின் எண். 6500 கெல்வின் விளக்கில் தோல் வெளிறித் தெரியும். 4000 கெல்வின் போதும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சிஆர்ஐ எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறங்கள் இயல்பாகத் தெரியும்.

நம்பிக்கை: ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்பு போட்டால் கரண்டே ஆகாது.

உண்மை: பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு 12 முதல் 15 வாட் வரை இழுத்தது. அவ்வளவு சிறிய சுமையைப் பழைய மீட்டர்கள் சரியாகக் காட்டாததால் வந்த பெயர் அது. இன்றைய அரை வாட் எல்இடி தினமும் 10 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 0.15 யூனிட்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதை அணைக்கவே வேண்டாம். குளியலறைத் தரை பெரும்பாலும் ஒரு படி இறங்கியே இருக்கும். அந்தப் படியின் விளிம்பு தெரியும்படி, கதவுக்கு வெளியே, கண் கூசாத உயரத்தில் பொருத்துங்கள்.