தெலுங்கு பேசிய தென்னாட்டு வீரர்கள்

வெலிங்டனில் வாழும் நமக்கு விடியற்காலையில் கேட்கும் பியூகிள் ஒலி புதிதன்று. மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் இளைஞர்கள் ஒன்றாகவே அணிவகுக்கின்றனர். எங்கள் வகுப்பும் அப்படித்தான். கோவில்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த தோழி ஒருத்தி, தன் தாய்மொழி தெலுங்கு என்றும், ஆனால் அதில் ஓர் எழுத்துக்கூட எழுதத் தெரியாது என்றும் கூறியபோது நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. "கட்டபொம்மன் வீட்டிலும் இதே தெலுங்குதான்" என்றாள். நாணமுற்ற நாங்கள் அன்றே நூலகத்தை நாடினோம்.

அவள் இராஜகம்பளத்து நாயக்கர் குலத்தவள். தொட்டிய நாயக்கர் என்பதும் இவர்களுக்குப் பெயர். விஜயநகரப் பேரரசு தெற்கே பரவிய காலத்தில் இவர்கள் தமிழகம் வந்தனர். 1529-ஐ ஒட்டி மதுரையில் ஆட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. வரி திரட்டுவதும், படை வைத்திருப்பதும், ஊர்க்காவலும் பாளையக்காரர் கடமை. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் ஆகியவை இக்குலத்தார் ஆண்ட பாளையங்கள்.

தாங்கள் வந்த வழியை அவர்கள் வேறு விதமாகச் சொல்வர். பகைவருக்கு அஞ்சிப் பெண்மக்களோடு ஓடி வருகையில் ஆறு ஒன்று குறுக்கிட்டதாம். இரு கரையிலும் நின்ற பொங்க மரங்கள் வளைந்து பாலமாயினவாம். இது கதையே. எனினும் அம்மரத்தை அவர்கள் இன்றும் போற்றுவதற்குக் காரணம் இதுவே.

குலம் ஒன்பது கம்பளங்களாகப் பிரிந்தது. கூட்டம் கூடும்போது விரிக்கும் கம்பளத்தால் வந்த பெயர் என்பர். திருமணத்திற்குப் பச்சிலைக் குடிசை அமைப்பது பழைய வழக்கம். தேவராட்டத்தில் ஆடவர் காலில் சலங்கையும் கையில் துணியும் கொண்டு தேவதுந்துமியின் தாளத்திற்கு ஆடுவர். அதில் பாட்டே கிடையாது! பறையொலி ஒன்றே போதும்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதை அனைவரும் அறிவோம். அவரைப் பிடிக்கக் கும்பினியாருக்கு உதவியவர்களுள் அதே குலத்து எட்டயபுரத்தாரும் இருந்தனர். கும்பினிப் படையிலோ சென்னை மாகாணச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். 1758-இல் தொடங்கிய அப்படையின் வழிவந்ததே நம் ஊர் ரெஜிமென்ட். இதை எழுதச் சற்றுத் தயங்கினோம். மறைப்பது முறையன்று என்று எழுதுகிறோம்.

எங்கள் மனத்தைத் தொட்டது தம்பி ஊமைத்துரையின் வரலாறே. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர், இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் மீண்டும் எழுப்பினார். மே 24-இல் அது வீழ்ந்தது. பிணங்களுக்கிடையே மகனைத் தேடி வந்த ஒரு தாய், அவன் குற்றுயிராய்க் கிடப்பதைக் கண்டாள். அவனோ தன்னை விட்டு, அருகில் கிடந்த தலைவரைக் காக்குமாறு வேண்டினான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றனர். தேடிவந்த எட்டயபுரத்து வீரர் வாசலை நெருங்கியதும், அவரை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தான் என்று ஒப்பாரி வைத்தனர். வந்தவர்கள் ஓடியே போயினர்! இதை எழுதிவைத்தவர் அப்போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ்.

ஊமைத்துரை சிவகங்கை மருதுபாண்டியரோடு சேர்ந்து போரிட்டு, அதே ஆண்டு நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அங்கு இன்று நாம் காணும் கோட்டை, 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. அத்தாயின் பெயர் மட்டும் நாங்கள் படித்த எதிலும் இல்லை. தோழியிடம் கேட்டோம். பாட்டியிடம் விசாரித்து வருவதாகச் சொன்னாள். விடுமுறை கழிந்து, பாட்டி தெலுங்கில் சொன்ன கதையைத் தமிழ் எழுத்தில் நான்கு பக்கம் எழுதி வந்தாள். பெயர் அதிலும் இல்லை. அந்நான்கு பக்கங்களையும் அவளே எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.