கிழங்கு விளைந்தால் போதுமா?

பாயசத்தில் போடுகிற ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. எங்க சேலம் பக்கம் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே தொடங்கிய தொழில் இது. வேளாண் திட்டங்கள் இத்தொழிலாளர்களின் பிழைப்பை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்போம்.

1. ஆலை வேலை

கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் தங்கும் மாவைக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர், அது மாட்டுத்தீவனம். கிழங்கின் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' என்று கணக்கிட்டு விலை போடுவார்கள். பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பிக்கும். அதனால் கிழங்கு தினமும் வந்தாத்தான் ஆலை ஓடும். ஆலை ஓடினாத்தான் கூலி.

2. வயலுக்கு வந்த திட்டங்கள்

திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 ரகம் நல்ல விளைச்சல் தந்து இங்கே பரவியது. ஆனால் தேமல் நோயை அது தாங்குவதில்லை. 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட ஒருவகை மாவுப்பூச்சி தமிழ்நாட்டையும் தாக்கியது. அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். இது விவசாயிக்கான திட்டம்தான். என்றாலும் தோலுரிக்கும் அம்மாவின் அடுப்பு எரிவதும் இதில் அடங்கியிருக்கிறது.

3. விற்பனைக்கு வந்த திட்டம்

வைக்க இடமும் கைக்காசும் இல்லாத சின்ன ஆலைக்காரர், வியாபாரி சொன்ன விலைக்கே சரக்கைத் தள்ள வேண்டியிருந்தது. 1981-இல் அமைந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் கிடங்கு கொடுத்தது. இருப்பின் பேரில் முன்பணம் கொடுத்தது. ரகசிய டெண்டரில் விற்றுத் தந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

4. விட்டுப்போனது

சங்கத்தில் உறுப்பினர் ஆலை உரிமையாளர். களத்தில் வெயிலில் நிற்பவர் உறுப்பினர் அல்ல. விளைச்சலுக்குக் கணக்கு உண்டு, டெண்டர் விலைக்குக் கணக்கு உண்டு. அவருக்கு வருஷத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் திட்டத்தின் பலன் முழுசாகத் தெரியும்.

நாளை நம்மில் ஒருவர் தோலுரிக்கும் மெஷினை வடிவமைக்கலாம். மணிக்கு எத்தனை கிலோ என்று கேட்பதோடு, அந்தக் கைகளுக்கு அடுத்த வேலை எது என்றும் கேட்போம். டிப்ளமோ படிப்புக்கு அதுவே பெருமை!