ஈஸ்ட் மாறினால் சாராயம் விஷமாகுமா?

கள்ளச்சாராயச் சாவு பற்றிப் பேப்பரில் செய்தி வந்தால் போதும், 'ஊறல் கெட்டுப்போச்சு, அதான் விஷமாயிடுச்சு' என்று பேசிக்கொள்வார்கள். கொஞ்சம் படித்தவர்கள், 'ஈஸ்ட் மாறியிருக்கும் டாக்டர்' என்பார்கள். ஈஸ்ட் மாறும் என்பது நிஜம்தான். ஆனால் அந்த விஷம் அதனால் வருவதில்லை.

ஈஸ்ட் என்பது ஒரே செல்லாலான பூஞ்சை. சர்க்கரையைத் தின்று எத்தில் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். கள் நுரைப்பதும், அரிஷ்டம் பொங்குவதும் இதனால்தான். (இட்லி மாவு புளிப்பதில் பெரிய பங்கு பாக்டீரியாவுக்கு. அது வேறு கதை.)

ஈஸ்ட் என்ன செய்ய வேண்டும் என்பது அதன் ஜீன்களில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம். தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டை தவறிவிட்டால், அதை வைத்து நெய்கிற எல்லாச் சேலையிலும் அதே பிசகு விழும் இல்லையா? ஜீனில் விழும் பிசகுக்குப் பெயர் மியூட்டேஷன். ஒரு ஈஸ்ட்டில் விழுந்தால் அதன் வாரிசுகளுக்கெல்லாம் போகும்.

1949-ல் பிரான்சில் எப்ருசி என்ற விஞ்ஞானி இப்படி மாறிய 'குட்டை' ஈஸ்ட்டுகளை ஆராய்ந்தார். அவற்றால் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சுவாசிக்க முடியாது. புளிக்கவைத்தே பிழைக்கும், மெதுவாகத்தான் பெருகும்.

பீர் கதை இன்னும் சுவாரசியம். காட்டு ஈஸ்ட், தானியத்தில் உள்ள ஒரு அமிலத்தைக் கிராம்பு வாசனையாக மாற்றிவிடும். பீரில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சுகிறவர்கள் வாசனை வராத ஊறலையே தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்ததில், அந்த ஜீன் பழுதான ஈஸ்ட்டுகளே நிலைத்துவிட்டன. 2016-ல் வெளியான ஆய்வு இதை ஜீன் அளவில் காட்டியது. ஜெர்மனியின் கோதுமை பீருக்கு மட்டும் கிராம்பு வாசனை வேண்டும். அந்த ஈஸ்ட்டில் ஜீன் இன்றும் பத்திரம்!

ஆக, மியூட்டேஷனால் வாசனை மாறும், புளிக்கிற வேகம் மாறும், போதை கூடும், குறையும். ஆனால் ஆளைக் கொல்லும் மெத்தனாலை ஈஸ்ட் சர்க்கரையிலிருந்து தயாரிப்பதில்லை. பழங்களைப் புளிக்கவைத்தால் பெக்டினிலிருந்து சொற்ப அளவு வரும், அவ்வளவுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அது தொழிற்சாலை மெத்தனால் கலந்த சாராயம். அந்தப் பழியை ஊறல்மேல் போடுவது கலந்தவனைத் தப்பவிடுவதாகும்.

மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்தவுடன் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல் வரும். வீட்டில் மோர், எலுமிச்சைச்சாறு கொடுத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், இதற்கு எங்கள் கஷாயம் உதவாது. டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கள். கூடக் குடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.