வளர்ந்த பிள்ளைகளோடு மும்பைக்கு ஒரு பயணம்

பையன் படித்து முடித்து ஐ.டி. வேலைக்குப் போகிறான். பெண் ப்ளஸ் ஒன். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடி டேங்க் ஃபேக்டரியிலோ வேலை. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஆகிவிட்டது. இந்த முறை மும்பை என்று வீட்டில் பேச்சு. பேசுவது சுலபம், நாலு நாள் முகம் சுளிக்காமல் ஊர் சுற்றுவதுதான் கஷ்டம். வளர்ந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அழைத்துப் போக முடியாது.

செய்ய வேண்டியவை

• தேதியைப் பிள்ளைகளிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பட்டறைக்காரர்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும்தான். ஆயுத பூஜை சமயத்தில் மும்பையில் மழை முழுசாக ஓய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மே மாதம் நம் ஊர் மாதிரியே புழுக்கம். ஆகவே என் ஓட்டு பொங்கலுக்கு. ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் மட்டும் அந்த வருஷம் விட்டுவிடுங்கள். பொங்கல் முடிந்ததும் செய்முறைத் தேர்வு வாசலில் நிற்கும்.

• ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 அக்டோபர் வரை இருந்த 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். தட்காலை நம்பாதீர்கள், ஒரு டிக்கெட்டில் நாலு பேருக்கு மேல் எடுக்க முடியாது, பாட்டியும் வந்தால் குடும்பம் இரண்டாகப் பிரியும். ரயிலில் கிட்டத்தட்ட ஒரு நாள், விமானத்தில் இரண்டு மணி நேரம். விமானம் என்றால் பூந்தமல்லிக்காரர்கள் காலையில் போரூரைக் கடக்கவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ரயில் என்றால் எந்த ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது என்று டிக்கெட்டில் பாருங்கள். சென்ட்ரல் என்றால் ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு மின்சார ரயிலை மிஞ்சியது எதுவும் இல்லை.

• மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி. (விடுமுறைப் பயணச் சலுகை) விதியைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சம்பாதிக்கும் மகனுக்கு அதில் இடம் கிடையாது, அவன் டிக்கெட்டைத் தனியாக எடுங்கள்.

• ஆளுக்கு அரை நாள் கொடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். அப்பாவுக்கு சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கட்டடம், இன்றும் லட்சக்கணக்கான பேர் ஏறி இறங்கும் ஸ்டேஷன். அம்மாவுக்கு சித்திவிநாயகர் (செவ்வாய்க்கிழமை வேண்டாம், வரிசை நகராது). மகளுக்கு கொலாபா காஸ்வே கடைகள். மகனுக்கு அவன் எதைச் சொல்கிறானோ அது. ஒருவர் அரை நாளில் மற்றவர்கள் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோரும் ஒரே மேஜையில் இருக்க வேண்டும். மாட்டுங்கா பக்கம் அறை எடுத்தால் இட்லி, ரசம், ஃபில்டர் காபி நடக்கிற தூரத்தில் கிடைக்கும்; பாட்டியும் சமாதானமாகிவிடுவார்.

• அறை இரண்டாக எடுங்கள். இருபத்து மூன்று வயதுப் பையனைத் தரையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டுப் படுக்கச் சொல்லி, பத்து மணிக்கு விளக்கை அணைக்கும் காலம் போய்விட்டது. எல்லோருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும், ப்ளஸ் ஒன் பெண்ணுடையதும்.

• லோக்கல் ரயிலில் ஏறுங்கள், ஆனால் நேரம் பார்த்து. காலையில் கூட்டம் தெற்கே போகும், சாயங்காலம் வடக்கே திரும்பும். அதற்கு எதிர்த்திசையில் போனால் உட்காரக்கூட இடம் கிடைக்கலாம். நம் ஆவடி ரயிலில் பழகிய தைரியம் தாதரில் செல்லாது. வண்டி வெகு நேரம் நிற்காது. இறங்குபவர்கள் முந்தின ஸ்டேஷனிலேயே வாசலுக்கு வந்து நிற்பார்கள், ஏறுபவர்கள் அவர்கள் இறங்கும்போதே ஏறுவார்கள். அம்மாவும் பெண்ணும் மகளிர் பெட்டியில் ஏறட்டும். எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எங்கே சேருவது என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள். மும்பைக்காரர்கள் 'இண்டிகேட்டர் கீழே' என்பார்கள், வண்டி நேரம் காட்டும் பலகைக்குக் கீழே என்று அர்த்தம். ஸ்லோ வண்டியா ஃபாஸ்ட் வண்டியா என்பதையும் பாருங்கள். ஃபாஸ்ட் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது.

• பணம் பற்றி வீட்டிலேயே பேசிவிடுங்கள். மகன் அறை வாடகையைக் கட்டுகிறேன் என்றால் கட்டவிடுங்கள். மகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

• டோம்பிவிலியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு 'சும்மா தலையைக் காட்டிவிட்டு' வரலாம் என்று நினைக்காதீர்கள். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, சாப்பிடாமல் விடமாட்டார்கள். ஒரு நாள் போச்சு. சித்தப்பாவை மாட்டுங்காவுக்கு வரச்சொல்லி ஒரு காபி வாங்கிக்கொடுங்கள்.

• மும்பையில் யாரோ பெண் இருக்கிறாள் என்று மகனுக்குத் தெரியாமல் வரன் பார்க்கும் வேலையை இந்தப் பயணத்தில் நுழைக்கவே நுழைக்காதீர்கள். நீட் மார்க், அப்ரைசல் பேச்சும் வேண்டாம்.

• விடிகாலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பாதீர்கள். எழுந்த பெரியவர்கள் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வரலாம்; பிள்ளைகள் ராத்திரி அதே இடத்துக்குப் போவார்கள். போகட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவு தாண்டினால் லோக்கல் ரயில் சில மணி நேரம் ஓடாது.

• தென் மும்பையில் ஆட்டோ தேடாதீர்கள். பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, டாக்ஸிதான். அதற்கு வடக்கே ஆட்டோ மீட்டர் போட்டு ஓடும். சென்னைக்காரர்கள் நம்ப மறுத்துப் பேரம் பேசினால் டிரைவர் சிரிப்பார்.

• தாராவியை வேடிக்கை பார்க்கும் டூர் எடுக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. பொங்கலன்று அங்குள்ள 90 அடி சாலைக்கு விருந்தாளியாகப் போய் வாருங்கள். தெருவில் பானை வைத்திருப்பார்கள்.

• எலிபெண்டா குகைகளைத் திங்கட்கிழமைக்கு வைக்காதீர்கள், அன்று விடுமுறை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் போகவே ஒரு மணி நேரம் ஆகும்.

• மகள் வேண்டாம் என்ற போட்டோவைக் குடும்ப குரூப்பில் போடாதீர்கள்.

ஜனவரி 14 கிளம்புவதாக இருந்தால் நவம்பர் 15 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாரோடு சரிபார்த்து வைக்காதவர்கள் முன்பதிவு திறந்தவுடன் டிக்கெட் எடுக்க முடியாது. அந்த வேலையை இந்த வாரமே முடித்து வையுங்கள்.