தூரத்துச் சுவிட்சைத் திருத்தும் முறை

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளுள், அதன் அமைப்புகளை நாமே பார்க்கவும் மாற்றவும் இடந்தருவது ‘மேனேஜ்டு சுவிட்சு’ எனப்படும். சித்தூர் மாணவர் விடுதி ஒன்றிலுள்ள சுவிட்சை, ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்கு அப்பால், திருப்பதியில் இருந்தபடி திருத்துவதாகக் கொள்வோம்.

முதலில் பார்வையிடுக. பெயர், இருப்பிடம், பொறுப்பாளர் ஆகிய மூன்று குறிப்புகளும் 1991இல் வெளிவந்த எஸ்.என்.எம்.பி. தகவல் தொகுதியில் இடம்பெற்றவை. அவை நிரப்பப்படாவிடின், வேறொரு சுவிட்சைத் திருத்திவிட நேரும்.

அடுத்தது ஐ.பி. முகவரி. அதில் ஓர் எண் தவறினாலும் நமக்கும் சுவிட்சுக்கும் தொடர்பு அறும். கன்சோல் கேபிளோடு சித்தூருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான். இதற்குக் காப்பு உண்டு. சிஸ்கோ சுவிட்சில் செய்யும் மாற்றம், சேமிக்கும்வரை நிலையாகாது. மின்சாரம் போனால் மறைந்துவிடும். அம்மறதியையே நாம் துணையாகக் கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் ‘ரீலோட் இன் 10’ எனக் கட்டளையிடுக. தொடர்பு அறுந்தால், 10ஆம் நிமிடத்தில் சுவிட்சு மறுபடி தொடங்கிப் பழைய அமைப்புக்கே திரும்பும். மாற்றம் சரியாயின், ‘ரீலோட் கேன்சல்’ என்று அக்கட்டளையை நீக்கி, பின்னர்ச் சேமிக்க.

மறுபடி தொடங்கும்போது விடுதியார் அனைவர் இணைப்பும் சிறிது நேரம் நிற்குமாதலின், இப்பணிக்குப் பின்னிரவே ஏற்றது. பார்த்தல், காத்தல், மாற்றல், சேமித்தல்: இவ்வரிசை பிறழலாகாது, நண்பர்களே!